ஞாயிறு சேராத நாற்பது நாள்

அவர் டீ குடிக்காத நாட்களில் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து எல்லா வண்டிகளும் சரியான நேரத்துக்குக் கிளம்பின. மற்ற நாட்களிலும் கிளம்பத்தான் செய்தன. ஆனால் டீ குடித்த டைம்கீப்பர் அரை நிமிடம் விட்டுக்கொடுப்பார். யாராவது மூட்டையோடு ஓடி வந்தால் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நிற்பார். டீயை விட்ட நாட்களில் அந்தத் தயவு கிடையாது. டிரைவர்கள் என் பழக்கடைக்கு வந்து அழுவார்கள். “பாய், நீ சொன்னா கேப்பாரு. ஏசு சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு, ஒரே ஒரு டீ குடிக்கச் சொல்லு பாய்.”

என் கடை அவர் உட்காரும் டைம்கீப்பர் கூண்டுக்கு நேர் எதிரே இருந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து ஏழெட்டு வருஷம், கொய்யாப்பழத்திலிருந்து கண்ணை எடுத்தால் அவர் முகம்தான். குள்ளமான ஆள். சட்டைப் பையில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என இரண்டு பேனா. சரியான நேரத்துக்கு வந்த வண்டியை நீலத்திலும் லேட்டானதைச் சிவப்பிலும் எழுதுவார். குரல் மட்டும் ஆளுக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிது. “போளூர், கண்ணமங்கலம், வேலூர்!” என்று கூவினால், தேரடித் தெருவில் பூ வாங்கிக்கொண்டிருப்பவர் மீதிப் பூவை விட்டுவிட்டு ஓடி வருவார்.

ஒரு நிமிடம்கூடப் பொய்யாக எழுத மாட்டார். தனியார் வண்டிக் கண்டக்டர் ஒருவர், நாலு நிமிட லேட்டை நீல மையில் எழுதவைக்க என் கடையிலேயே அரை டஜன் ஆப்பிள் வாங்கி அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஆப்பிள் அதே காகிதப் பையோடு எனக்குத் திரும்பி வந்தது. “எடுத்து வச்சிக்கோ பாய். வண்டி நாலு நிமிஷம் லேட்டு. ஆப்பிள் தின்னா சீக்கிரம் வந்துடுமா?” என்றார். அந்தக் கண்டக்டர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதைப் பற்றியும் இவர் கவலைப்படவில்லை.

அவர் கிறிஸ்தவர் என்று எனக்குத் தெரியும். எந்த வகைக் கிறிஸ்தவர் என்று தெரிய ரொம்ப நாளாயிற்று. ஊரில் மணி வைத்த பழைய சர்ச் ஒன்று உண்டு. அவர்களும் இவரைப் போலவே பிராட்டஸ்டண்ட்தான், ஆனால் அங்கே போக மாட்டார். கத்தோலிக்கக் கோயில் பக்கமோ திரும்பவே மாட்டார். வேங்கிக்காலில் ஓடு போட்ட ஒரு வீட்டில் அவருடைய சபை கூடியது. அப்போது அங்கே கலெக்டர் ஆபீஸும் கிடையாது, காலனியும் கிடையாது. சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லைதான். அந்த சபையில் சிலுவை இல்லை, மணி இல்லை, பாதிரியார் இல்லை. கிறிஸ்துமஸ்கூட இல்லை.

“எல்லா நாளும் ஆண்டவர் குடுத்த நாள்தான் பாய். இதுல பெரிய நாள் இன்னா, சின்ன நாள் இன்னா?” என்பார். பெருமையாகத்தான் சொல்வார். ஆனால் ரம்ஜான் பெருநாளன்று நான் கொண்டுபோய்க் கொடுக்கும் சேமியாவைச் சாப்பிட்டுவிட்டு, காலிக் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், ஊரில் எல்லாருடைய விசேஷத்துக்கும் நேரம் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். கார்த்திகை தீபத்துக்கு எந்த ஸ்பெஷல் பஸ் எத்தனை மணிக்கு என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நோன்பு திறக்க வீட்டுக்குப் போகவேண்டும் என்று எங்கள் ஆள் யாராவது கேட்டால், மேலே சொல்லி டூட்டியை மாற்றிக் கொடுப்பார். எல்லார் வருஷத்திலும் ஏற்றமும் இறக்கமும் இருந்தது. அவர் வருஷம் மட்டும் வாய்க்கால் மாதிரிகூட இல்லை, பைப் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மார்கழியில் மாலை போட்டிருந்த வேலூர் வண்டி டிரைவர் அவரைச் சீண்டினார்.

“இன்னா சார், எங்களுக்கு ஒரு மண்டலம் விரதம். பாய்க்கு முப்பது நாள் நோன்பு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லியா? ஜாலியான மதம் சார் உங்களுது!”

“எங்களுக்கு விரதம் மனசுலய்யா.”

“அப்போ என் வண்டியும் மனசுலயே வேலூர் போயிட்டு வந்துடுச்சுன்னு எழுதிக்கோ சார். நான் போய்ப் படுக்கறேன்.”

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் காது இரண்டும் சிவந்துபோனதை எதிர்க்கடையிலிருந்து நான் பார்த்தேன். மறுநாள் காலை கூண்டைத் திறந்ததும் முதல் வேலையாக என்னிடம் வந்து, “ஜாலின்னு சொல்லிட்டான் பாய்” என்றார். அந்த ஒரு வார்த்தை இரண்டு மாதம் அவருக்குள் உட்கார்ந்திருந்தது.

பிறகு சாம்பல் வந்தது. எங்கள் ஊரில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கண்டக்டர் அந்தோணி ஒரு புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு வந்து டிரிப் ஷீட்டை நீட்டியதை யாரும் கவனிக்கவில்லை. அவர் மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

“டேய், நீ எப்படா மதம் மாறின?”

“ஐயோ சார், இன்னிக்கு சாம்பல் புதன். இன்னிலேர்ந்து ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாள் தவக்காலம். கறி கிடையாது, கல்யாணம் காட்சி கிடையாது. எது நமக்கு ரொம்பப் புடிக்குமோ அதை வுட்ரணும்.”

“நாப்பது நாளா?” என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தோணி அன்றைக்கே பெங்களூர் வண்டிக்கு மாறிப் போய்விட்டான். சாயங்காலம் வழக்கமான டீ வந்தது. கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பி அனுப்பினார். ஒரு நாளைக்குப் பத்து டீ குடிக்கிற மனுஷன்! நான் ஓடிப்போய், “உடம்பு சரியில்லியா சார்?” என்று கேட்டேன். “எங்களுக்கும் இருக்குது பாய்” என்றார். என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மேஜைக்கு உள்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார்.

கறி, மீன், டீ மூன்றையும் விட்டார். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். கீழ்பென்னாத்தூர்க்காரர். அக்காவின் அப்பாதான் சபைக்கு மூப்பர், அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் இவர்கள் இரண்டே பேர். விஷயம் தெரிந்ததும் அக்கா சண்டை போடவில்லை. மீன் வறுத்தார். தினமும் மத்தியானம் டிபன் கேரியரில் ஒரு நாள் விரால் வறுவல், ஒரு நாள் கெளுத்திக் குழம்பு, ஒரு நாள் கருவாட்டுத் தொக்கு என்று வந்தது. அவர் அந்தத் தட்டை மட்டும் மூடியோடு என்னிடம் கொடுத்துவிட்டு வெறும் ரசம் சாதத்தைப் பிசைவார். “இது உன் பங்கு பாய்.” சும்மா சொல்லக் கூடாது, அவருடைய தவக்காலத்தில் எனக்கு ஒரு சுற்று சதை போட்டுவிட்டது.

நாற்பதாவது கோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. நோன்பு முடிக்கிறவரை வெறும் வயிற்றோடு விடுவதா? என் வீட்டுக்கு அழைத்துப்போய், ஆட்டுக்கறி பிரியாணியும் தால்சாவும் வைத்தோம். என் அத்தா தன் கையாலேயே எலும்புத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கடைசியில் இரண்டு டீ. “ஜாலியான மதம்னானே, இப்போ சொல்லச் சொல்லு பாய்” என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அந்தோணி பெங்களூர் வண்டியிலிருந்து இறங்கினான். சட்டைப் பையில் ஓலையில் பின்னிய சின்னச் சிலுவை ஒன்று செருகியிருந்தது.

“இன்னாடா இது?”

“குருத்தோலை சார். இன்னிக்கு குருத்து ஞாயிறு. ஈஸ்டர் அடுத்த வாரம்.”

“அடுத்த வாரமா? நாப்பது நாள் இன்னியோட முடிஞ்சுபோச்சேடா!”

அந்தோணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். “ஞாயித்துக்கிழமையையும் சேத்துட்டீங்களா சார்? அது கணக்குல வராது சார். அன்னிக்கு ஆண்டவர் எழுந்திரிச்ச நாளாச்சே, அன்னிக்கு இன்னா விரதம்?”

இருபது வருஷ வேலையில் ஒரு வண்டியைக்கூட ஒரு நிமிடம் தவறாக எழுதாத மனுஷர், ஒரு வாரத்தையே தவறவிட்டு நின்றார். பிரியாணி வாசனை இன்னும் கையில் இருந்தது. மெதுவாகக் கேட்டார்: “அப்போ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் டீ குடிச்சிருக்கலாமா?”

“தாராளமா குடிச்சிருக்கலாம் சார்.”

அவருக்கு எது பெரிய துக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, சீக்கிரம் முடித்ததா, அந்த டீக்களா. நான் கடைக்குள் போய் வாழைத்தாருக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்தேன். வேறு வழியில்லை. இன்றைக்கும் ஞாயிறுதான், அதனால் பிரியாணியில் தப்பில்லை என்று அந்தோணி சமாதானம் சொன்னான். திங்கட்கிழமை மறுபடி டீ திரும்பிப் போனது. டிரைவர்கள் என்னைத்தான் திட்டினார்கள்.

மறுவருஷம் அவர் இப்படி மாட்டிக்கொள்ளத் தயாராயில்லை. மணி வைத்த சர்ச்சுக்கே போய், அவர்கள் பஞ்சாங்கத்தையும் ஜெபப் புத்தகத்தையும் வாங்கி வந்தார். எந்த ஞாயிறு என்ன பெயர், பீடத்தில் என்ன நிறத் துணி, எப்போது மணி அடிக்கக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. பஸ் டைம் டேபிளைப் படிப்பதுபோல விரலை வைத்துப் படித்தார். பெரிய வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அங்கே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு, நேராக என் கடைக்கு வந்தார்.

“பன்னண்டு மணிக்கு ஆரம்பிச்சாங்க பாய். மூணுக்கு முடிச்சாங்க. முன்னேயும் இல்ல, பின்னேயும் இல்ல! எங்க சபைல ஒரு அண்ணன் ஜெபம் பண்ண எழுந்தார்னா ஒரு வண்டி போளூர் போயிட்டு வந்துடும்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு சாத்துக்குடியை எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னார்: “எங்க சபைல ஆம்பளைங்க ஒவ்வொருத்தரும் சொந்த வார்த்தைல, சத்தமா ஜெபம் பண்ணணும். ஆவியானவர் குடுக்கற வார்த்தைன்னு சொல்லுவாங்க. எனக்கு இந்த இருபது வருஷத்துல ஒரு வார்த்தை வந்ததில்ல பாய். எழுந்து நிப்பேன். தொண்டை அடைச்சிக்கும். உக்காந்துடுவேன். மூப்பர் மருமகன், வாய் தொறக்க மாட்டான்னு எல்லாரும் பாப்பாங்க. அவ தலையைக் குனிஞ்சிக்குவா. எனக்கு வண்டிப் பேரைத் தவிர வேற எதுவும் சத்தமா வராது. அந்த சர்ச்சுல பாரு, புஸ்தகத்துல எழுதி வச்சிருக்காங்க. எல்லாரும் ஒரே வரியைச் சொல்றாங்க. என் வாயிலயும் வந்துது பாய். நானும் சொன்னேன்.”

ஐந்து வேளையும் எங்களுக்கு எழுதி வைத்த வார்த்தைதான். அது இல்லாவிட்டால் நான் மட்டும் என்னத்தைச் சொல்லியிருப்பேன்?

மூன்றாவது வருஷம் கொஞ்சம் அத்துமீறிப் போனார். தவக்கால நாட்களுக்கு ஊதாதான் நிறம் என்று பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, ஊதாத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு டூட்டிக்கு வந்தார். டிரைவர்களுக்கு ஒரே குஷி. “இப்பதான் சார் களை வந்துச்சு!” என்று ஒருவர் காலில் விழப் போனார். துண்டு விஷயம் அடுத்த வண்டியிலேயே கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த நாள் மாமனார் வந்து இறங்கினார்.

நெட்டையான மனிதர், வெள்ளை ஜிப்பா, கக்கத்தில் வேதப்புத்தகம். இவர் முதலில் வண்டி நேரத்தை எழுதினார், இரண்டு நிமிடம் லேட், சிவப்பு. பிறகுதான் எழுந்து, “ஸ்தோத்திரம் மாமா” என்றார்.

“தோள்ல இது என்ன மாப்ள?”

“துண்டு மாமா.”

“துண்டுன்னு தெரியுது. நாள் பாக்கறது, நிறம் பாக்கறது, புஸ்தகத்தைப் பாத்து ஜெபம் பண்றது. இதையெல்லாம் உதறிட்டு வந்தவர் என் தாத்தா. மறுபடி அந்தச் சேத்துல போய் நிக்கறீங்க.” குரலை உயர்த்தவே இல்லை அவர். “ஞாயித்துக்கிழமை சபைல எழுந்து நில்லுங்க. தப்பு பண்ணிட்டேன்னு சொந்த வாயால ஜெபம் பண்ணுங்க. இல்லன்னா அப்பத்தட்டு உங்க கைக்கு வராது. என் மருமகன்னு நான் பாக்க மாட்டேன்.”

அப்பத்தட்டு என்றால் என்ன என்று பிறகு எனக்கு விளக்கினார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ரொட்டியைப் பிட்டு, தட்டைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லாரும் உண்பார்கள். அது ஒருவரைத் தாண்டிப் போனால் அவர் சபையில் இல்லை என்று அர்த்தம். பிறகு கல்யாணத்துக்கும் கூப்பிட மாட்டார்கள், சாவுக்கும் வர மாட்டார்கள். “அவ நேத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா பாய். உங்களை வெளிய வச்சிட்டா நான் எந்தப் பக்கம் நிக்கறதுன்னு கேட்டா.” பிறகு, “ஞாயித்துக்கிழமை கடையை உங்க அத்தா பாத்துக்குவாரா? நீ உள்ள வர வேணாம். வெளிய இருந்தா போதும். தனியா திரும்பி வர்றது கஷ்டமா இருக்கும்” என்றார்.

போனேன். வேங்கிக்காலில் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் முக்காடு போட்ட பெண்கள். அந்த சபையில் பெண்கள் பாடலாம், பேசக் கூடாது. நடுவே மேஜைமேல் தட்டு, வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. மாமனார் அவர் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். அவர் எழுந்தார். தோளில் துண்டு இல்லை.

ஒரு சத்தமும் இல்லை. அக்காவின் தலை குனிந்தது. யா அல்லா, இந்த ஆளுக்கு ஒரு வார்த்தை கொடு என்று நான் வேண்டினேன்.

அப்போது அவர் ஆரம்பித்தார். வேலூர் வண்டியைக் கூப்பிடுகிற அதே குரல். அறிந்து செய்த பாவம், அறியாமல் செய்தது, மனதில் நினைத்தது, நினைத்தும் செய்யாமல் விட்டது என்று வரிசையாகப் போனது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நடுவில் அவர் குரல் உடைந்தது, நிறுத்தாமல் அழுதுகொண்டே சொன்னார். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. முடித்தபோது மாமனாரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமென்” என்றார். சபை முழுக்க “ஆமென்” என்றது. ஜன்னலுக்கு வெளியே நானும் “ஆமீன்” சொல்லிவிட்டேன்.

“பாத்தீங்களா! இருபது வருஷம் கழிச்சு ஆவியானவர் இவர் வாயைத் தொறந்தாரு. இது மனுஷன் குடுத்த வார்த்தை இல்ல” என்றார் மாமனார். தட்டின் துணியை எடுக்கக் கையை நீட்டினார்.

அத்தோடு உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. எனக்கு உயிரே வந்திருந்தது. உட்காருங்க சார், உட்காருங்க என்று நான் மனதுக்குள் கத்தினேன். அவர் உட்காரவில்லை.

“மாமா,” என்றார். “அது புஸ்தகத்துல இருக்கறது. அந்த சர்ச் ஜெபப் புஸ்தகம். பதினேழாம் பக்கம். எனக்குச் சொந்தமா ஒண்ணும் வரல மாமா. வராது.”

நீட்டிய கை அப்படியே நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாமனாரின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. “அப்போ நாங்க எல்லாரும்...” என்று ஆரம்பித்தவர் மேலே சொல்ல முடியாமல் நிறுத்தினார். இவர் செருப்பு கிடந்த வாசல் பக்கம் திரும்பினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்தார். முக்காட்டைச் சரி செய்துகொண்டார்.

“எந்தப் பக்கத்துல இருந்தா என்னப்பா? கல்யாணம் ஆன நாளா இந்த மனுஷன் ஜெபம் பண்ணி நான் கேட்டதில்ல. இன்னிக்குக் கேட்டேன். நீங்களும் கேட்டீங்க. ஆமென்னும் சொல்லிட்டீங்க. ஆண்டவர் கிட்ட சொன்ன ஆமெனை எப்படிப்பா வாபஸ் வாங்குவீங்க?”

மாமனார் மகளைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்து மடித்து வைத்தார். ரொட்டியைப் பிட்டார். தட்டு ஒரு ஓரத்திலிருந்து நகரத் தொடங்கியது. ஒவ்வொரு கையாக வந்து, வாசலருகே நின்றிருந்த அவருக்குப் பக்கத்து ஆளிடம் வந்தது. அந்த ஆள் மூப்பரைத் திரும்பிப் பார்த்தார். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்த ஆள் தட்டை இவரிடம் நீட்டினார்.